25 லட்சம் டாலரில் ஒரு காட்டுச் சாகசம்

வணக்கம் நண்பர்களே. சாகசப் படம் என்றால் கோடிகளைக் கொட்டியே ஆக வேண்டும் என்று சென்ற காணொளிக்குப் பிறகு ஆளாளுக்கு என்னிடம் வாதாடிய எரிச்சலில்தான் இன்று பேச உட்கார்ந்திருக்கிறேன். பதிலுக்கு நான் எடுத்துவைப்பது 2016இல் வந்த நியூசிலாந்துப் படமான 'ஹன்ட் ஃபார் தி வைல்டர்பீப்பிள்'.

காட்டுப் படத்தில் நாயகனின் சட்டையைத்தான் நான் முதலில் கவனிப்பேன் என்பது உங்களுக்குத் தெரியும். மாதக்கணக்கில் புதரில் கிடப்பவனின் காலர் விறைப்பாக நின்றால் அங்கேயே படத்தை நிறுத்திவிடுவேன். சாம் நீல் நடித்த ஹெக் அந்தச் சோதனையில் தேறிவிடுகிறார். காடு அத்துபடி, மனிதர்கள் என்றாலோ ஆகாது. மனைவி இறந்தபின் ஒதுங்கிப்போக நினைக்கும் அவர், காட்டுக்குள் ஓடிப்போன வளர்ப்புப் பையன் ரிக்கியைக் கண்டுபிடித்த இடத்திலேயே காலை முறித்துக்கொண்டு அவனோடு மாட்டிக்கொள்கிறார். இதற்குள் பையனைக் கடத்திவிட்டதாக வெளியே நாடே அவரைத் தேடத் தொடங்கிவிடுகிறது. வேண்டாவெறுப்பாக நாயகனாகும் மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான காரணம் கிடைக்காது. சொல்ல மறந்துவிட்டேன், இது பாரி கிரம்ப் 1986இல் எழுதிய நாவலின் தழுவல். ரிக்கியாக வருபவர் ஜூலியன் டெனிசன்.

இப்போது பனிக்காட்டுக் காட்சிக்கு வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேமரா நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றுகிறது. ஒரு மரத்தடியில் இவர்கள் இருவரும் நடக்கிறார்கள், அடுத்த மரங்களுக்கிடையே தேடும் கூட்டம், இன்னும் சற்றுத் திரும்பினால் மறுபடியும் இவர்களே! வெட்டே தெரியாத அந்தச் சுற்றுக்காக ஒரே உடையில் மாற்று நடிகர்களை மறைத்து நிறுத்தியிருக்கிறார்கள். நாட்கள் கடப்பதையும் துரத்தல் நெருங்குவதையும் ஒரே இடத்தில், கணினி வித்தை இல்லாமல் சொல்லிவிடுகிறார் இயக்குநர் டைகா வைட்டிட்டி.

படத்தின் மொத்தச் செலவு சுமார் 25 லட்சம் டாலர். இதே மனிதர் அடுத்து எடுத்த 'தோர்: ராக்னராக்' படத்துக்கு ஏறத்தாழ 18 கோடி டாலர், அதாவது 70 மடங்குக்கும் மேல்! கணக்குப் போட்டுப் பார்த்தபின் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

குறையும் உண்டு. இறுதியில் ராணுவம் வரை வந்து வண்டிகளில் துரத்தும் பகுதி எனக்கு ஒட்டவே இல்லை. 1907க்குப் பிறகு உறுதியாக யாரும் பார்த்திராத ஹுயியா பறவை இவர்கள் கண்ணில் படும் அந்தச் சில நொடிகளில் இருந்த பரபரப்பில் பாதிகூட அத்தனை இரைச்சலில் இல்லை. வண்டிகள் வந்ததும் தாராளமாக ஓட்டிவிட்டுப் பாருங்கள்.