பத்து ரூபாய் ஜிகினா, விரால் கடிக்கும் இரை: எந்தத் தூள் தாங்கும், எது உருகும்?

வணக்கம். என் உள்ளங்கையில் இருக்கும் இந்த இரண்டு ரப்பர் மீன்களையும் பாருங்கள். இரண்டும் ஒரே அச்சில், ஒரே கலவையை ஊற்றி, ஒரே மாலையில் வார்த்தவை. ஒன்றை வெயிலில் திருப்பினால், ஏரிக்கரையோரம் கெண்டைக் குஞ்சு புரளும்போது தெரியும் அதே வெள்ளி மின்னல் ஓடுகிறது. மற்றொன்றோ வெளிறிய ரோஸ் நிறத்தில், உள்ளே சுருண்ட துகள்களோடு, மென்று துப்பிய மிட்டாயைப் போல இருக்கிறது. இரண்டிலும் சேர்த்தது வேலூர் லாங் பஜாரில் ஒரே கடையில் வாங்கிய ஜிகினாத் தூள்தான்; ஒரு டப்பா பத்து ரூபாய். வெள்ளி டப்பா பிழைத்தது, சிவப்பு டப்பா கெட்டது. ஏன் என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

(காட்சி: இரண்டு இரைகளும் அருகில்)

வரலாற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். மென்மையான பிளாஸ்டிக் புழுவை 1949இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் வார்த்து உருவாக்கினார். இன்று விராலுக்கு நாம் வீசும் ரப்பர் தவளையும் ரப்பர் மீனும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

இந்த இரைகளை வார்க்கப் பயன்படும் திரவத்திற்குப் பிளாஸ்டிசால் என்று பெயர். பிவிசி என்ற பிளாஸ்டிக்கின் நுண்ணிய தூளை, அதை மென்மையாக்கும் எண்ணெய் போன்ற ஒரு திரவத்தில் கலந்து வைத்திருப்பார்கள். பார்வைக்குப் பால் போல இருக்கும் அது, சூடேறும்போது முதலில் கூழாகக் கெட்டிப்பட்டு, பிறகு ஏறக்குறைய 160 முதல் 175 டிகிரி செல்சியஸில் தேனைப் போலத் தெளிந்து இளகும். அந்த நிலையில் அச்சில் ஊற்ற வேண்டும். அதற்கும் மேலே வெகுவாகச் சூடேற்றினால் கலவை கருகி, ஹைட்ரஜன் குளோரைடு என்ற நச்சு வாயுவை வெளிவிடும். ஆகவே இந்த வேலையைச் சமையலறையில் செய்யாதீர்கள். மொட்டை மாடியிலோ கொல்லையிலோ, காற்றோட்டம் உள்ள இடத்தில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து, இனி ஒருபோதும் சமையலுக்குத் திரும்பாத ஒரு பாத்திரத்தில் மட்டுமே செய்யுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் கொதிக்கும் கலவை தெறிக்கும் என்பதால், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு என்றால் அது எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது ஜிகினாவுக்கு வருவோம். டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகையை வெள்ளைத் தாளில் கொட்டி, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். தூள் என்று நாம் நினைத்தது தூளே அல்ல. ஒவ்வொன்றும் தேன்கூட்டு அறையைப் போல ஆறு பக்கம் கொண்ட தகடு. ஒரு பெரிய படலத்தை அறுகோணமாக வெட்டினால் இடையில் துண்டு வீணாகாது என்பதால் அந்த வடிவம். அந்தப் படலம் எதனால் ஆனது என்பதில்தான் நம் கதை முழுவதும் இருக்கிறது. நல்ல ஜிகினா பாலியெஸ்டர் படலத்தில் மெல்லிய அலுமினியப் பூச்சு ஏற்றி வெட்டப்பட்டது. பாலியெஸ்டர் உருக ஏறக்குறைய 250 டிகிரி வேண்டும் என்பதால், நம் கலவையின் சூட்டில் அது அசையாமல் நிற்கும். மலிவான கைவினை ஜிகினாவில் பெரும்பாலும் பிவிசி படலம் கலந்துவிடுகிறது. நம் இரையும் பிவிசி, அந்தத் தகடும் பிவிசி. இனம் இனத்தைச் சேர்வதைப் போல, கலவையில் உள்ள மென்மையாக்கும் திரவத்தைத் தகடு உறிஞ்சி, இளகி, சுருண்டுவிடுகிறது.

நிறம் இன்னொரு சங்கதி. அலுமினியத்தின் மீது சாயம் பூசித்தான் சிவப்பும் பச்சையும் தங்கமும் வருகின்றன. அந்தச் சாயம் உறுதியாக ஒட்டாவிட்டால், சூடான கலவை அதைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். தகடு வெள்ளியாகிவிடும், இரை முழுவதும் சாயமேறிவிடும். என் ரோஸ் மீனின் கதை இதுதான். என் மகளின் பள்ளிச் செயல்திட்டத்திற்காக வாங்கிய சிவப்பு ஜிகினாவை நம்பிக்கையோடு கொட்டினேன். கலக்கிய மூன்றாவது சுற்றிலேயே குங்குமம் கரைந்ததைப் போலச் சாயம் இழையிழையாகப் பிரிந்து ஓடியதைக் கண்ணாரப் பார்த்தேன். வெள்ளி ஜிகினாவில் கரைந்து ஓட நிறமே இல்லை. அதனால்தான் மலிவான டப்பாக்களில் வெள்ளியை நான் முதலில் நம்புகிறேன். வானவில் காட்டும் ஹோலோகிராம் வகை வேறு விதம்: அதன் வண்ணம் சாயத்தால் வருவதன்று, மேற்பூச்சில் அச்சடித்த நுண்ணிய வரிகளால் வருவது, சூட்டில் அந்த வரிகள் தட்டையானால் வானவில்லும் போய்விடும்.

கடைக்காரரிடம் "அண்ணே, இது பாலியெஸ்டரா, பிவிசியா?" என்று கேட்டுப் பார்த்தேன். "கொலுவுக்கு ஒட்டறதுப்பா, நல்லா மின்னும்" என்றார். அவர் சொன்னது உண்மை. அவர் விற்பது அதற்காகத்தான். ஆகவே சோதனையை நாம்தான் செய்துகொள்ள வேண்டும். ஒரு கரண்டி அளவு கலவையை மட்டும் தெளியும் வரை சூடாக்கி, ஒரு சிட்டிகை ஜிகினாவைப் போட்டு, இரண்டு நிமிடம் சூட்டிலேயே வைத்திருந்து, தட்டையான ஓட்டின் மீது ஊற்றி ஆறவிடுங்கள். தகடு தட்டையாகவும் நிறம் தன் இடத்திலும் இருந்தால் அந்த டப்பா தேறிவிட்டது. மறுநாளும் ஒருமுறை பாருங்கள், ஏனெனில் சில சாயங்கள் மெதுவாகக் கசியும். அடுத்த முறை வாங்கும் டப்பாவையும் புதிதாகச் சோதியுங்கள்.

(காட்சி: கெண்டையின் செதில், உருப்பெருக்கியில்)

இந்தக் காணொளியை எடுக்கத் தூண்டியதே அடுத்த பகுதிதான். மீன் ஏன் மின்னுகிறது? அதன் தோலில் உலோகம் ஏதுமில்லை. குவானின் என்ற பொருள், மெல்லிய தகடு தகடாகப் படிகமாகி அங்கே அடுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு தகடும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தடிமன். தகடுகளுக்கு இடையே நீர்ப்பாங்கான மென்படலம். ஒளி இந்த அடுக்குகளில் மாறி மாறிப் பட்டுத் திரும்பும்போது கண்ணாடியைப் போன்ற வெண்மை பிறக்கிறது. இந்தக் குவானின் யார் தெரியுமா? நம் டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்று. மரபுக் குறிப்பை எழுதும் எழுத்தையே எடுத்து, மீன் தன் உடம்புக்கு ஜிகினா செய்துகொண்டிருக்கிறது! 1844இல் இதை முதலில் பிரித்தெடுத்தது கடற்பறவைகளின் எச்சத்திலிருந்து. குவானோ என்ற அந்த எச்சத்தின் பெயரே இதற்கும் நிலைத்தது. ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டிலேயே சிறு மீன்களின் செதில்களைக் கழுவி எடுத்த இந்த மினுமினுப்பைக் கண்ணாடி மணிகளுக்குள் பூசிப் போலி முத்து செய்தார்கள். ஆக, மனிதர் மீனிடமிருந்து மினுமினுப்பைக் கடன் வாங்கியது பழைய கதை. நாம் இன்று பத்து ரூபாய்த் தகட்டில் அதை மீனுக்கே திருப்பிக் காட்டுகிறோம்.

நம் நாட்டு ஜிகினா ஒன்றும் இருக்கிறது: காக்காய்ப்பொன். மைக்காவைச் சிறு வயதில் அந்தப் பெயரில்தான் பொறுக்கினோம். நெல்லூர்ப் பக்கத்துக் கூடூர் அதன் சுரங்கங்களுக்குப் பெயர் பெற்ற ஊர். கனிமம் என்பதால் இந்தச் சூடு அதை ஒன்றும் செய்யாது. பளிச்சென்று மின்னாது, முத்துப் போன்ற மங்கலான ஒளியே தரும். எனக்கு அதுதான் கெண்டையின் வயிற்றுக்கு நெருக்கமாகத் தோன்றுகிறது. வட ஆற்காட்டுப் பக்கம் மைக்காத் தூளில் வார்த்துப் பார்த்தவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள், அடுத்த காணொளியை அதற்கே ஒதுக்குகிறேன்.

அளவைப் பொறுத்தவரை, நூறு மில்லி கலவைக்குக் கால் தேக்கரண்டி போதும். அதைக் கடைசியில், கலவை தெளிந்த பிறகு சேர்த்து, குமிழி விழாமல் மெதுவாகக் கலக்கி, உடனே ஊற்றுங்கள். தகடு கலவையைவிடக் கனமானது, காத்திருந்தால் அடியில் தங்கிவிடும்.

வாலாஜா அருகே பாலாற்று அணைக்கட்டிலிருந்து வாய்க்கால் வழியே நீர் பெறும் காவேரிப்பாக்கம் ஏரியில், காற்றடித்துக் கலங்கிய நாளில் இந்த மினுமினுப்பு ஒரு முழத்துக்குள்ளேயே மறைந்துவிடும். அன்று கறுப்பு இரையே மேல். நீர் தெளிந்து வெயில் சாய்ந்து விழும் காலையில்தான் வெள்ளி வேலை செய்யும். ஏரிகளில் மீன்பிடி உரிமை ஏலத்தில் போயிருக்கும் என்பதால், எடுத்தவரிடம் கேட்டுக்கொண்டே வீசுங்கள். பிய்ந்த இரையை நீரில் விடாதீர்கள். எதிலும் ஒட்டப்படாமல் உதிரியாக இருக்கும் பிளாஸ்டிக் ஜிகினாவின் விற்பனையை ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரிலேயே தடை செய்துவிட்டது, ஏனெனில் அந்தத் தகடு மட்காது. நான் பிய்ந்தவற்றை ஒரு டப்பாவில் சேர்த்து வைத்து, அடுத்த வார்ப்பில் மீண்டும் உருக்கிக்கொள்கிறேன். அந்த ரோஸ் மீனும் இப்போது அதே டப்பாவுக்குள் போகிறது.