வாலைத் தரையிலிருந்து தூக்குவோம்

நண்பர்களே, டைனோசர் என்றதும் பலர் மனத்தில் வருவது, நெட்டுக்குத்தாக நின்று வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு போகும் ஓர் உருவம். இன்று அந்த வாலைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

1878-இல் பெல்ஜியத்தின் பெர்னிசார் நிலக்கரிச் சுரங்கத்தில், 300 மீட்டருக்கும் கீழே, இகுவானடான் என்னும் டைனோசரின் எலும்புக்கூடுகள் முப்பதுக்குமேல் அகப்பட்டன. அதுவரை கிடைத்தவை பெரும்பாலும் உதிரி எலும்புகள்தான். அவற்றில் கூம்பு மாதிரி இருந்த ஒன்றைக் கொம்பு என்று எண்ணி மூக்கின்மேல் வைத்திருந்தார் ஆங்கிலேய மருத்துவர் கிடியன் மான்டெல். பெர்னிசாரில் பார்த்தால் அது கட்டைவிரல்! சிரிக்காதீர்கள், கையிலிருந்த துண்டுகளை வைத்து யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

பெர்னிசார் எலும்புக்கூடுகளைக் கங்காரு போல உட்கார்ந்தவாக்கில் நிறுத்தினார் புதைபடிவ ஆய்வாளர் லூயி டோலோ. அதற்கு வால் வளைய வேண்டும். ஆனால் இகுவானடானின் முதுகெலும்பு நெடுக, எலும்பாகவே இறுகிப்போன தசைநாண்கள் கூடைப் பின்னல் போலக் குறுக்கும் மறுக்குமாகக் கிடக்கின்றன. அந்த வால் விறைத்த வால். அப்படி வளைக்க மூட்டுகளைப் பிரித்தாக வேண்டும் என்று 1980-இல் புதைபடிவ ஆய்வாளர் டேவிட் நார்மன் எடுத்துக்காட்டினார். நூறு வருடம் அந்த வால் ஒடிந்தபடியேதான் நின்றது!

சரி, விறைத்த வால் எதற்கு? முன்னுடம்பின் எடைக்கு ஈடுகட்ட என்பது பாதி விடை. மீதி, தொடையெலும்பில் இருக்கிறது. அதன் பின்பக்கம் நடுவாக்கில் ஒரு புடைப்பு, விரலால் தடவினாலே தெரியும். வாலெலும்புகளிலிருந்து வரும் பெரிய தசை ஒன்று வந்து ஒட்டிய இடம் அது. தசை சுருங்கினால் தொடை பின்னுக்கு இழுபடும், உடம்பு முன்னே போகும். நாம் படியேறும்போது பிட்டத் தசை செய்யும் வேலை அது. முதலைக்கும் பல்லிக்கும் இன்றும் அந்தத் தசை வாலில்தான். வாலைத் தரையில் போட்டு இழுத்தால் நடை என்னாவது? கல்லாகிப்போன காலடித் தடங்களைப் பாருங்கள், வால் உரசிய கோடு அபூர்வம்.

அப்புறம், பறவைகள். டைனோசர் வம்சம்தான், ஆனால் வால் குட்டையாகி அந்தத் தசையும் சிறுத்துவிட்டது. அதனால் கோழி நடக்கும்போது தொடையை அதிகம் ஆட்டாமல், முழங்காலுக்குக் கீழேதான் வீசிப் போடுகிறது. பின்பக்கமாக மடிவதாகத் தெரிகிறதே, அது முழங்கால் இல்லை, கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் இருக்கிறது.