ஓரிரு இடங்களில் மழை, அதுக்கப்புறம் கத்திரி

வணக்கமுங்க. கோபிசெட்டிபாளையம் பக்கத்துல இருந்து இந்த ரேடியோ நிலையத்துக்குப் பேச வந்திருக்கேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல புவியியல் சொல்லிக் குடுத்தேன், இப்ப ரிட்டையர் ஆகியாச்சு, ஆனா காலையில எட்டரை மணிக்கு கொல்லைப்பக்கம் போய் மழைமானியைப் பாக்குறது மட்டும் இன்னும் நிக்கல. ஏன் எட்டரைன்னா, வானிலை மையத்துலயும் 24 மணி நேர மழையை அந்த நேரத்துலதான் கணக்கு முடிப்பாங்க, நம்ம கணக்கும் அதோட ஒத்துப்போகணுமில்லீங்களா.

சித்திரை பாதி தாண்டிருச்சு. மே 4 வாக்குல கத்திரி வெயில் பொறந்துரும், 28 வரைக்கும் இருக்கும். இந்த நேரத்துல எல்லாரும் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், "டீச்சர், மழை வருமா?" ரேடியோவுல "வெப்பச்சலனம் காரணமாக ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மழை"ன்னு சொல்றாங்க (வெப்பச்சலனம்னா தரைச் சூட்டுல காத்து மேல எழும்புறது), நாம மழைங்கற சொல்லை மட்டும் காதுல வாங்கிக்கிட்டு, வரலைன்னா அவங்களைத் திட்டுறோம். அந்த "ஓரிரு"வுக்கு ஒரு அளவு இருக்குங்க. ஒரு பகுதியில இருக்கற மழைமானிகள்ல கால் பங்குக்குள்ள மழை பதிவானா அது ஓரிரு இடம். கால்ல இருந்து பாதி வரைக்கும் ஒருசில இடம். பாதிக்கு மேல முக்கால் வரைக்கும் அநேக இடம். அதுக்கும் மேல போனாத்தான் பெரும்பாலான இடம். அப்படின்னா ஓரிருன்னு சொன்ன அன்னிக்கு நாலு ஊர்ல மூணு ஊரு காஞ்சுதான் கிடக்கும், அதைத்தான் அவங்க சொல்றாங்க.

இதை நான் கண்ணால பாத்திருக்கேன். சில வருஷம் முன்னாடி ஒரு மே மாசம், மதியம் ரெண்டு மணி வரைக்கும் மூச்சு விட முடியாத புழுக்கம், வேப்பமரத்துல ஒரு இலை ஆடல. மூணு மணிக்கு மேக்க, மலைப்பக்கம், மேகம் பூக்கோசு மாதிரி பொங்கி எழும்புது. நாலரைக்கு திடீர்னு காத்து திசை மாறிச்சு. அதுவரைக்கும் அனலா இருந்த காத்து சில்லுனு முகத்துல அடிக்குது, மண்ணு வாசம் வருது, ஆனா எங்க வாசல்ல ஒரு சொட்டு இன்னும் விழல. அந்தச் சில்லுக் காத்து எங்கிருந்து வருதுன்னா, மேகத்துல இருந்து விழற மழைத்தண்ணியில கொஞ்சம் ஆவியாகி காத்தைக் குளுர வெச்சிருது, குளுந்த காத்து கனமாயி மேல இருந்து பொத்துனு கீழ விழுந்து நாலா பக்கமும் சிதறுது. மழைக்கு முன்னாடி ஓடி வர்றது அதுதான். எங்க பக்கத்துத் தோட்டத்துல வாழை, தார் பாதி முத்தியிருந்துச்சு. பத்து நிமிஷம்கூட இருக்காது, வரிசை வரிசையா இடுப்போட ஒடிஞ்சு விழுந்துருச்சு. மழை விட்டதும் அந்தத் தோட்டத்துக்காரர் வரப்புல நின்னுக்கிட்டு ஒரு தாரைத் தடவிப் பாத்துக்கிட்டே சொன்னாரு, "போன வாரம் பூரா மழை மழைன்னு வேண்டிக்கிட்டது நான்தானுங்க டீச்சர்". எனக்கு என்ன பதில் சொல்றதுன்னே தெரியல.

அன்னிக்கு எங்க மழைமானியில 46 மில்லிமீட்டர். வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் இருக்கற என் தங்கச்சிக்கு போன் போட்டா, "என்னக்கா சொல்ற, இங்க கொடியில துணி காஞ்சுக்கிட்டு இருக்கு"ங்கறா. ரெண்டு கிலோமீட்டர்கூட இல்லீங்க. இதுதான் ஓரிரு இடம். தமிழ்நாட்டுக்கு மார்ச்ல இருந்து மே வரைக்கும் சராசரியா கிடைக்கறதே சுமார் 12 சென்டிமீட்டர்தான், அதுல மூணுல ஒரு பங்குக்கு மேல எங்க கொல்லையில ஒரே சாயங்காலத்துல கொட்டிருச்சு, அவ கொல்லையில புழுதி.

இடியைப் பத்தி ஒண்ணு, இதை திரும்பத் திரும்ப சொல்லுவேன், பொறுத்துக்கோங்க. மின்னலைப் பாத்ததும் ஒண்ணு ரெண்டுன்னு நொடி எண்ணுங்க. மூணு நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்றதுக்குள்ள இடி கேட்டா பத்து கிலோமீட்டருக்குள்ள இருக்கு, அடுத்தது உங்க தலைக்கு மேலயே விழலாம், உடனே கான்கிரீட் வீட்டுக்குள்ள போயிருங்க. புளியமரத்தடி வேண்டாம், மோட்டார் ரூம் தகரக் கொட்டாய் வேண்டாம். ஆடு மாடு மேய்க்கறவங்க மழைக்கு மரத்தடியில ஒதுங்குறதுதான் எனக்கு வயித்தைக் கலக்கும், மரத்துல விழுந்த மின்னல் நிலத்துல பரவும்போது முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவுல பாஞ்சு மாடே செத்துருது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிச்சுத்தான் வெளிய வரணும். மழை விட்டிருக்கலாம், மின்னல் விடலைங்க.

சரி, மழை பெஞ்சாச்சு, கத்திரி குளுந்துருச்சுன்னு நெனைக்கிறோம். அங்கதான் ஏமாந்துபோறோம். மறுநாள் வெயில் அந்த ஈரத்தை எல்லாம் கிளப்பி காத்துல நிறுத்திருது, வேர்வை காயாது, உடம்பு சூடு எறங்காது. தெர்மாமீட்டர்ல 36தான் இருக்கும், காஞ்ச 40ஐ விட மோசமா இருக்கும்.

மே கடைசியில இன்னொரு சூடு வருது. தென்மேற்குப் பருவமழை கேரளாவுக்கு ஜூன் 1 வாக்குல வரணும், அதுக்கு முன்னாடியே மேக்க இருந்து வர்ற மேல்காத்து பலமாயிரும். பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்றப்ப பொள்ளாச்சி, கோயமுத்தூருக்கு குளுகுளுன்னு இருக்கும். அதே மேல்காத்து ஈரத்தை எல்லாம் மலைக்கு அந்தப்பக்கமே விட்டுட்டு, வறண்ட தரைமேல ஓடி வேலூர், திருத்தணி, சென்னை போய்ச் சேரும்போது அனலாயிருது. சென்னைக்காரங்களுக்கு மதியம் கடல்காத்து வந்தாத்தான் உசுரு, மேல்காத்து அதைக் கரையேற விடாது. 2003 மே 31 அன்னிக்கு சென்னையில 45 டிகிரி அடிச்சுது, அந்த மாதிரி நாள்ல எல்லாம் நடக்குறது இதுதான். வங்கக்கடல்ல புயல் வந்து வடக்க போனாலும் இதே கதைதான். 2019ல ஃபானி புயல் நமக்கு மழை தரும்னு காத்திருந்தோம், அது மே 3 பூரிக்கிட்ட கரையேறுச்சு, நமக்கு வந்தது வறண்ட காத்து.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒரு நிமிஷம்னு விரல் காட்டுறாங்க. வெப்ப அலைன்னு அறிவிக்கணும்னா பொதுவா சமவெளியில 40, கடலோரத்துல 37 டிகிரியைத் தொடணும், வழக்கத்தை விட 4.5 டிகிரி கூடவும் இருக்கணும். அறிவிக்கலைங்கறதால ஆபத்து இல்லைன்னு ஆகாதுங்க, நான் சொன்ன அந்த 36 டிகிரி புழுக்கம் இந்தக் கணக்குல வராது. நூறு நாள் வேலைக்குப் போறவங்க, சித்தாள் வேலை பாக்குறவங்க பன்னெண்டுல இருந்து மூணு வரைக்கும் நிழல்ல இருங்க, தாகம் எடுக்கலைன்னாலும் தண்ணி குடிங்க, உப்புப் போட்ட மோரு இன்னும் நல்லது. யாராவது வேர்வை நின்னுபோயி உளற ஆரம்பிச்சா அது வெறும் மயக்கம் இல்லீங்க, வெயில் தாக்குனது, உடனே நிழலுக்குத் தூக்கிட்டுப் போய் உடம்பு பூரா தண்ணி ஊத்திக்கிட்டே 108க்கு போன் பண்ணுங்க. கோடை உழவைப் பத்தி ஒரு பக்கம் எழுதிட்டு வந்தேன், நேரமில்ல. 20 மில்லிமீட்டர் பெஞ்சிருந்தா, ஈரம் காயறதுக்குள்ள ஏரைப் பூட்டிருங்க. வணக்கமுங்க.