நேற்று எஃப், இன்று இ: வீட்டின் ஆற்றல் தரம் எப்படி மாறுகிறது?

[திரையில்: நாள்காட்டி, 2025 டிசம்பர் 31. பக்கத்தில் ஒரு ஃபிளாட்டின் படம், அதன் மேல் எஃப் என்ற எழுத்து.]

பாரிஸில் ஒரு ஃபிளாட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். குளிருக்கு மின்சார ஹீட்டர், குளிக்க மின்சார கெய்சர். 2025 டிசம்பர் 31 அன்று அதன் ஆற்றல் தரம் எஃப். விடிந்தால் புத்தாண்டு, கணக்குப்படி தரம் இ. இரவோடு இரவாக யாரும் சுவருக்கு இன்சுலேஷன் போடவில்லை, ஜன்னல் கண்ணாடியையும் மாற்றவில்லை. அரசின் கணக்குத்தாளில் 2.3 என்றிருந்த எண் 1.9 ஆனது. அவ்வளவுதான்.

ஐரோப்பாவில் வீட்டை விற்பதானாலும் வாடகைக்கு விடுவதானாலும் ஆற்றல் சான்றிதழ் வேண்டும். 2002இல் ஐரோப்பிய ஒன்றியம் போட்ட சட்டத்திலிருந்து வந்த வழக்கம் இது. வீடு மட்டுமில்லை, அலுவலகம், கடை, பள்ளிக்கூடம் என மற்ற கட்டடங்களுக்கும் பல நாடுகளில் ஓர் எழுத்து உண்டு. ஏ என்றால் சிக்கனம், ஜி என்றால் ஓட்டைப் பானை.

சரி, அந்த 2.3 எங்கிருந்து வந்தது?

[திரையில்: பிளக் பாயின்ட். அதிலிருந்து கம்பி வழியாகப் பின்னோக்கிப் போய் மின் நிலையம்.]

உங்கள் மீட்டரில் ஒரு யூனிட் ஓடினால், அதை உருவாக்க மின் நிலையத்தில் அதைவிட அதிக ஆற்றல் செலவாகியிருக்கும். அணு உலையில் உண்டாகும் வெப்பத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது, மிச்சம் வீணாகப் போய்விடும். அதனால் மீட்டர் கணக்கை ஓர் எண்ணால் பெருக்கி, மூலத்தில் எவ்வளவு செலவானது என்று பார்க்கிறார்கள். கேஸை வீட்டிலேயே எரிப்பதால் அதற்குப் பெருக்கும் எண் வெறும் 1. பிரான்சில் மின்சாரத்துக்கு இந்த எண் 2021 வரை 2.58 ஆக இருந்தது, பிறகு 2.3 ஆனது, 2026 ஜனவரி 1 முதல் 1.9. காற்றாலையும் சூரிய மின்சாரமும் கூடக் கூட இந்த எண் இறங்குவது நியாயம்தான். ஐரோப்பிய ஒன்றியம் பொதுவாக எடுத்துக்கொள்ளும் மதிப்பும் இந்த 1.9தான்.

நம் ஃபிளாட்டுக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டருக்கு வருடத்துக்கு 150 யூனிட் மின்சாரம். 2.3ஆல் பெருக்கினால் 345. அங்கே 330ஐத் தாண்டினால் எஃப். 1.9ஆல் பெருக்கினால் 285, அது இ. மீட்டருக்கு இந்த அரசாணை எதுவும் தெரியாது, அது பழையபடி 150தான் ஓடும்.

ஓர் எழுத்துக்கு ஏன் இத்தனை அமர்க்களம்? பிரான்சில் ஜி தர வீட்டைப் புதிதாக வாடகைக்கு விட 2025 ஜனவரி முதல் தடை. எஃப் வீட்டுக்கு 2028இல், இ வீட்டுக்கு 2034இல் தடை வருகிறது. இப்போது ஒரு சதுர மீட்டருக்கு 190 யூனிட் இழுக்கும் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கணக்கில் 437, அதாவது ஜி. புதுக் கணக்கில் 361, எஃப். வீட்டுக்காரருக்குச் செலவில்லாமல் 2028 வரை அவகாசம் கிடைத்துவிட்டது. மறுபடி ஆள் வந்து அளக்கவும் வேண்டாம், அரசு முகமையின் இணையதளத்தில் புதுச் சான்றை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இப்படி எஃப், ஜியிலிருந்து ஏறக்குறைய 8,50,000 வீடுகள் வெளியே வரும் என்பது அரசின் மதிப்பீடு.

கேஸ் வீடுகளுக்கு இந்தச் சலுகை இல்லை. அவற்றை மாட்டிவிடுவது வேறு ஓர் அளவுகோல். 2021இலிருந்து பிரான்சில் கார்பன் டை ஆக்சைடையும் கணக்கெடுத்து, இரண்டில் எது மோசமோ அதையே தரமாகக் கொடுக்கிறார்கள். அதே 150 யூனிட்டைக் கேஸில் செலவழிக்கும் வீடு ஆற்றல் கணக்கில் சி. ஆனால் ஒரு சதுர மீட்டருக்கு வருடத்துக்கு 34 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது, சி தரத்துக்கு உச்சவரம்பு 30 கிலோ. ஆகவே டி.

[திரையில்: கால்வாயைத் தாண்டி இங்கிலாந்து.]

இங்கிலாந்தில் அளவுகோலே வேறு. அங்கே வீட்டுச் சான்றிதழின் முதன்மை மதிப்பெண் 1 முதல் 100 வரை, அதைத் தீர்மானிப்பது எரிபொருளுக்கு ஆகும் பணச் செலவு. 69 எடுத்தால் சி. அங்கே மின்சாரம் கேஸைவிடப் பல மடங்கு விலை. அதனால் கேஸ் பாய்லரைக் கழற்றிவிட்டு ஹீட் பம்ப் (வெளியே இருக்கும் வெப்பத்தை மின்சாரத்தால் வீட்டுக்குள் இழுக்கும் கருவி) வைத்தவருக்கு மதிப்பெண் ஏறாமலே போகலாம், சில வீடுகளில் இறங்கக்கூடச் செய்யும். கார்பனைக் குறையுங்கள் என்று சொல்லிவிட்டு, குறைத்தவருக்கு மார்க்கைக் குறைப்பது என்ன நியாயமோ! 2024 டிசம்பரில் அரசு முன்வைத்த யோசனையில் பணச் செலவோடு சுவர்-கூரையின் தரம், சூடேற்றும் முறை ஆகியவற்றையும் தனித்தனியாகக் காட்டலாம் என்று இருந்தது.

அப்புறம், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 சட்டம். நாடுகள் இதைத் தங்கள் சட்டமாக்கக் கெடு 2026 மே 29. இதில் ஏ என்றால் அந்த இடத்தில் புதைபடிவ எரிபொருளால் கார்பன் வெளியேறாத, மிகக் குறைந்த ஆற்றலே தேவைப்படும் கட்டடம். ஜி என்றால் அந்தந்த நாட்டில் இருப்பதிலேயே மோசமானவை. இந்தச் சட்டம் வந்தபோது நெதர்லாந்தில் வீடுகளுக்கு ஏவுக்குப் பின்னால் நான்கு பிளஸ் வரை போனார்கள், ஜெர்மனியில் கீழே எச் வரை இறங்கினார்கள். இவற்றையெல்லாம் பொதுவான ஏ முதல் ஜி வரிசைக்குக் கொண்டுவருவதுதான் நோக்கம். 2021 மார்ச்சில் ஃபிரிட்ஜ் ஸ்டிக்கர்களில் பிளஸ்களை எல்லாம் எடுத்து மறுபடி ஏ முதல் ஜி வரை எழுதினார்களே, அதேபோல. அன்று மூன்று பிளஸ் வாங்கியிருந்த ஃபிரிட்ஜ்கள் பல, மறுநாள் நடுவரிசைக்குப் போய்விட்டன. சமீபத்தில் அளவுகோலை மாற்றிய நாடுகளுக்கு மட்டும் 2029 இறுதி வரை அவகாசம் உண்டு.

ஜி என்பதை ஒவ்வொரு நாடும் தன் மோசமான கட்டடங்களை வைத்து வரையறுப்பதால், ஒரு நாட்டின் டியை இன்னொரு நாட்டின் டியோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பயனில்லை. எழுத்தை விட்டுவிட்டு, சான்றிதழில் சின்ன எழுத்தில் இருக்கும் யூனிட் கணக்கையும் தேதியையும் பாருங்கள். பத்து வருடம் வரை செல்லுபடியாகும் காகிதம் அது. நடுவில் கணக்கு முறை மாறியிருக்கலாம்.

[திரையில்: மீண்டும் பாரிஸ் ஃபிளாட். இப்போது அதன் மேல் இ.]

நம் ஃபிளாட்டில் வாடகைக்கு இருப்பவரை மறந்துவிட்டோம். பிரான்சில் 2022 ஆகஸ்ட் முதல் எஃப், ஜி வீடுகளின் வாடகையை உயர்த்தக் கூடாது. அவர் வீடு இப்போது இ. குளிர் அதே குளிர், கரண்ட் பில் அதே பில். வீட்டுக்காரர் மட்டும் இனி வாடகையை உயர்த்தலாம்.