சரிவுத் தெருவும் மூன்று லட்சம் பேரும்

நேயர்களுக்கு வணக்கம். கூட்டம் வரவில்லை என்று மூடிய சந்தைகள் ஏராளம். கூட்டம் வந்ததாலேயே மூடப்பட்ட ஒரு சந்தையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இங்கிலாந்தின் கிழக்கே லிங்கன் என்று ஒரு பழைய நகரம். குன்றின் உச்சியில் பேராலயம், அதற்கு எதிரே 1068-இல் முதலாம் வில்லியம் கட்டத் தொடங்கிய கோட்டை. அங்கிருந்து கீழ்நகரத்துக்கு இறங்கும் தெருவின் பெயரே 'ஸ்டீப் ஹில்', அதாவது செங்குத்துக் குன்று. பெயர் வைத்தவர் மிகைப்படுத்தவில்லை. மேலே பெய்ல்கேட் என்னும் குறுகிய கடைத்தெரு. அதன் முனையில் ரோமர் காலத்து வளைவு. வண்டிகளுக்கும் கூட்டத்துக்குமா இவற்றைக் கட்டினார்கள்?

ஜெர்மனியின் நொய்ஷ்டாட் நகரோடு லிங்கனுக்கு நட்புறவு உண்டு. அந்த ஊர்ச் சந்தையைப் பார்த்து, 1982-இல் சில கடைகளோடு இங்கும், குன்றின் மேல், ஒரு கிறிஸ்துமஸ் சந்தை தொடங்கியது. டிசம்பர் தொடக்கத்தில் நான்கே நாள். மசாலா சேர்த்துச் சூடாக்கிய திராட்சை மது, சுட்ட இறைச்சி, மரப் பொம்மைகள், பேராலயத்தின் மேல் விளக்கொளி. நாடெங்கிலுமிருந்து பேருந்து பேருந்தாக வந்து இறங்கினார்கள்.

2022-இல் அந்த நான்கு நாளில் வந்தவர்கள் 3,20,000-க்கு மேல். ஊரின் மக்கள்தொகையோ ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டும். 2023 பிப்ரவரியில் நகர மன்றம் கூடி, இனி இந்தச் சந்தை இல்லை என்று முடிவெடுத்தது. காரணம் பாதுகாப்பு. நாற்பது ஆண்டுப் பழக்கம் ஒரே மாலையில் முடிந்தது. வணிகர்கள் கொதித்தார்கள். அந்த நான்கு நாளை நம்பி ஆண்டுக் கணக்கு எழுதியவர்களுக்குக் கோபம் வராமல் என்ன வரும்?

ஆனாலும் என் கட்சி மன்றத்தின் பக்கம்தான்.

2022 சந்தை தொடங்குவதற்கு முந்தைய ஐந்து வாரத்துக்குள், அக்டோபர் 29 இரவு, தென்கொரியத் தலைநகர் சோலின் இதேவோன் பகுதியில் 159 பேரைப் பலிகொண்ட நெரிசல் நடந்தது. அதுவும் நான்கு மீட்டர் அகலம்கூட இல்லாத ஒரு சரிவுச் சந்துதான். இப்படிச் சாகிறவர்கள் மிதிபட்டுச் சாகிறார்கள் என்றே பலரும் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படியில்லை. நின்றபடியே, மூச்சுக்கு மார்பு விரிய இடமில்லாமல் இறக்கிறார்கள். ஒரு சதுர மீட்டரில் ஆறேழு பேர் நெருங்கிவிட்டால், அதன்பின் யாரும் தன் விருப்பப்படி நகர முடியாது. கூட்டம் தண்ணீரைப் போல அலையடிக்கத் தொடங்கும். பின்னால் நிற்பவருக்கு முன்னால் நடப்பது தெரியாது. இன்னும் ஓரடி எடுத்து வைப்பார். திருவிழாவில் கால் தரையில் பாவாமல் நகர்ந்த அனுபவம் உள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

டிக்கெட் வைத்திருக்கலாமே என்கிறார்கள். கோட்டைக்குள் வைக்கலாம். தெருவில்? அங்கே வீடுகள் இருக்கின்றன. பால் வாங்கப் போன பாட்டி வீடு திரும்ப டிக்கெட் காட்ட வேண்டுமா? சந்தையைக் கீழே, சமதளத்துக்கு இறக்கலாமே என்பது இன்னொரு யோசனை. இடம் கிடைக்கும், ஆனால் பேராலயத்தின் நிழல் இல்லாத அந்தச் சந்தைக்கு யார் வருவார்கள்? இடம்தான் அழைத்தது, இடமேதான் போதவில்லை.

எனக்கு ஒரு குறை உண்டு. கூட்டம் ஓர் இரவில் பெருகிவிடவில்லை. வருகை ஏறிக்கொண்டே போன ஆண்டுகளில் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளாத ஊர் உண்டா? அப்போதே நாட்களைக் கூட்டி, கூட்டத்தைப் பிரித்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்ற கேள்வி எனக்குள் இன்னும் இருக்கிறது. ஆண்டு முழுவதும் சிறுசிறு நிகழ்ச்சிகள் நடத்துவோம் என்பது மன்றம் சொன்ன மாற்று. 2010-இல் கடும்பனியால் இதே சந்தை நடக்காமல் போனது. அப்போது எல்லாரும் வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். இம்முறை பார்ப்பதற்கு மன்றக் கட்டடம் இருந்தது.

வணக்கம்.