ராஜா கொடுத்த வாக்கு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 1642-ல் இங்கிலாந்தில் மூண்ட உள்நாட்டுப் போருக்குப் பெரிதும் காரணம் நாடாளுமன்றத்தின் அதிகார ஆசையா, மன்னர் முதலாம் சார்லஸின் பிடிவாதமா என்பது தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், "செலவுக்குக் காசு தராமல் ராஜாவைப் படுத்தி எடுத்தார்கள், பாவம் அவர் என்னதான் செய்வார்" என்று உருகினார். எனக்கே கண் கலங்கிவிட்டது. நல்லவேளை, 1628 ஞாபகத்துக்கு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் நாடாளுமன்றம் உரிமை மனு கொடுத்தது. எங்கள் சம்மதமில்லாமல் வரி போடாதீர்கள், காரணம் காட்டாமல் யாரையும் சிறையில் தள்ளாதீர்கள், முக்கியமாகக் கேட்டது இதுதான். மன்னர் ஒப்புக்கொண்டார். மறுவருடம் சபையைக் கலைத்தார். பிறகு 11 ஆண்டுகள் அதைக் கூட்டவே இல்லை. சபையில் எதிர்த்துப் பேசிய ஜான் எலியட்டை லண்டன் டவர் கோட்டைச் சிறையில் அடைத்தார். 1632-ல் எலியட் அங்கேயே இறந்துபோனார். அப்பாவின் உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோக மகன் அனுமதி கேட்டு மனுப் போட்டார். மன்னர் எழுதிய பதில்: செத்த இடத்துத் தேவாலயத்திலேயே புதைக்கட்டும். ஐயா, பிணத்தோடு என்ன பகை?

சரி, காசுக்கு வருவோம். கடலோர ஊர்கள் கப்பலுக்காகக் கொடுத்துவந்த வரியை, 1635-ல் கடலையே பார்க்காத உள்நாட்டு ஊர்களுக்கும் போட்டார். பக்கிங்ஹாம்ஷயரில் ஜான் ஹாம்டன் கட்ட மறுத்தார். வழக்குக்கு வந்த தொகை 20 ஷில்லிங். ஹாம்டன் வசதியானவர், அவருக்கு அது வெற்றிலைபாக்குக் காசு. கேள்வி தொகையைப் பற்றியது அல்ல, யாரைக் கேட்டு வரி போட்டீர்கள் என்பதுதான். 12 நீதிபதிகளில் 7 பேர் மன்னர் பக்கம், 5 பேர் ஹாம்டன் பக்கம். ராஜா ஜெயித்தார். ஆனால் அந்த 5 பேரைத்தான் ஊரே பேசியது.

அடுத்து, ஸ்காட்லாந்துக்காரர்கள் தலையில் ஒரு புது ஜெபப் புத்தகத்தைக் கட்டினார். அவர்கள் கொதித்தெழுந்தார்கள். படை திரட்டப் பணம் வேண்டும், ஆகவே 1640 ஏப்ரலில் சபை ஞாபகம் வந்தது. கூட்டினார், மூன்றே வாரத்தில் கலைத்தார். ஒரு வேடிக்கை: அதே 1640-ல்தான் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் நம் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். சார்லஸ் தன் ஊரில் சபையை விரட்டிய வருடத்தில் அவருடைய ஆட்கள் இங்கே எழுப்பிய கோட்டைக்குள்தான் இன்று நம் சட்டமன்றம் நடக்கிறது!

அந்த வருடக் கடைசியில் வேறு வழியில்லாமல் சபையை மறுபடி கூட்டினார். 1641-ல், அந்தச் சபை குற்றம்சாட்டிய தன் அமைச்சர் ஸ்ட்ராஃபோர்டுக்கு, "உன் உயிருக்கும் மானத்துக்கும் சொத்துக்கும் கேடு வராது, இது ராஜாவின் வாக்கு" என்று எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதமே அவருடைய மரண ஆணைக்குச் சம்மதித்தார். கூட்டத்துக்குப் பயந்துதான் சம்மதித்தார் என்பீர்கள். பயந்தார், ஒப்புக்கொள்கிறேன். சொந்த ஆளுக்குக் கொடுத்த வாக்கே இந்தக் கதி என்றால், எதிராளிக்குக் கொடுத்தது?

1642 ஜனவரி 4. நாடாளுமன்றத்தின் மக்களவையில் ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்ய மன்னரே ஆயுதம் தாங்கிய ஆட்களோடு வந்தார். கதவை மூடவிடாமல் ஆட்கள் வெளியே நிற்க, உள்ளே போய் சபாநாயகர் லெந்தாலின் நாற்காலியில் உட்கார்ந்து, "எங்கே அவர்கள்?" என்று கேட்டார். லெந்தால் ஒன்றும் வீராதிவீரர் அல்ல. மண்டியிட்டுத்தான் சொன்னார்: "இந்தச் சபை கட்டளையிட்டாலன்றி, இங்கே எனக்குப் பார்க்கக் கண்ணும் இல்லை, பேச நாவும் இல்லை." ஐவரும் அதற்குள் தேம்ஸ் நதி வழியே படகேறியிருந்தார்கள். "பறவைகள் பறந்துவிட்டன" என்று சொல்லிவிட்டு மன்னர் வெறுங்கையோடு வெளியேறினார். அன்றிலிருந்து இன்றுவரை, அந்த மக்களவை கூடியிருக்கும்போது எந்த மன்னரும் அதற்குள் கால் வைத்ததில்லை.

நாடாளுமன்றம் படையின் அதிகாரத்தைக் கேட்டது பேராசை இல்லையா என்று நண்பர் கேட்டார். அயர்லாந்தில் 1641 அக்டோபரில் கலகம் வெடித்திருந்தது, அதை அடக்கப் படை தேவை. சபைக்குள்ளேயே ஆட்களோடு நுழைந்தவர் கையில் அந்தப் படையைக் கொடுத்துவிட்டு, யாரய்யா நிம்மதியாகத் தூங்குவான்?

1653-ல் நாடாளுமன்றப் படைத்தளபதி கிராம்வெல்லே சபையைத் துரத்தினாரே என்றும் சொன்னார். துரத்தினார்தான். அது தீ வைத்து 11 வருடம் கழித்து. இங்கே விசாரணை, தீக்குச்சியைக் கிழித்தது யார் என்பது.

முதல் போருக்கு யார் காரணம் என்பதில் வேண்டுமானால் இழுபறி என்று வைத்துக்கொள்வோம். தோற்று, பிடிபட்டு, 1647 டிசம்பரில் வைட் தீவில் காவலில் இருந்தார் சார்லஸ். நாடாளுமன்றம் அப்போதும் சமரச நிபந்தனைகளை அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. அதே வாரத்தில், இங்கிலாந்துக்குள் படையோடு வாருங்கள் என்று ஸ்காட்லாந்துக்காரர்களோடு ரகசிய ஒப்பந்தம் போட்டார். மறுவருடம் மறுபடியும் போர். அந்த ஒப்பந்தத்தில் இருந்தது யார் கையெழுத்து, நாடாளுமன்றத்தினுடையதா? அடுத்துப் பேச வரும் எதிரணி அம்மா இதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும். மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, உட்காருகிறேன். வணக்கம்.