பெயரைக் கடைசியில் கேளுங்கள்

அவையில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

2018-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டின் நகரம். நன்கொடையாக வந்த பழைய பொருள்களை விற்கும் ஒரு கடையில், மேசைக்கு அடியில், தரையில் ஒரு பளிங்குச் சிலை இருந்தது. தலையும் கழுத்தும் கொஞ்சம் மார்பும். கன்னத்தில் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது: 34.99 டாலர். பழம்பொருள் வியாபாரம் செய்யும் ஒரு பெண்மணி அதை வாங்கினார். எடை சுமார் 24 கிலோ. காரில் உட்கார வைத்து, சீட் பெல்ட் மாட்டித்தான் வீட்டுக்குக் கொண்டுபோனார். அப்புறம் விவரம் தெரிந்தவர்களிடம் காட்டியபோதுதான் அது ரோமானியச் சிற்பம் என்று தெரிந்தது. கி.மு. முதல் நூற்றாண்டின் கடைசிக்கும் கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட காலம். ஏறக்குறைய 2000 வருஷத்துத் தலை.

இந்தக் கதையைச் சொன்னதும் எல்லாரும் கேட்பது, "யாருடைய தலை அது?" என்றுதான். முகத்தைப் பார்த்தால் பெயர் கேட்கத் தோன்றுவது இயல்பு. ஆனால் அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள் என்று வற்புறுத்தத்தான் நான் இங்கே நிற்கிறேன். முதலில் எப்போது செதுக்கியது என்று கேட்க வேண்டும். அதற்கான விடை பெரும்பாலும் முகத்தில் இருக்காது.

முடியிலிருந்து தொடங்குவோம். ரோமானியர் தலையில் முடியைப் போல நம்பகமான சாட்சி வேறில்லை. முதல் ரோமானியப் பேரரசர் அகஸ்டஸின் உருவங்கள் இருநூறுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. அவற்றில் மிகப் பரவலான வகையில், நெற்றியின் மேல் முடிக்கற்றைகள் ஓரிடத்தில் கவட்டை போலப் பிரியும். அதன் பக்கத்திலேயே இடுக்கி போல ஒன்றையொன்று நோக்கி வளையும். தலைநகரில் ஒரு மூல உருவம் செய்தார்கள். அதைப் பார்த்துப் பேரரசு முழுக்கச் சிற்பிகள் படி எடுத்தார்கள். மூக்கும் தாடையும் கைக்குக் கை மாறும், கற்றைகளின் எண்ணிக்கையும் வளைவும் மாறாது. அதனால்தான் ஆய்வாளர்கள் முகத்தை விட்டுவிட்டு நெற்றி முடியை எண்ணுகிறார்கள்.

அரச குடும்பம் முடியை எப்படி வைத்துக்கொண்டதோ, ஊரும் அப்படியே வைத்துக்கொண்டது. கி.பி. முதல் நூற்றாண்டின் கடைசியில், ஃபிளேவியன் பேரரசர்கள் காலத்தில், பெண்கள் நெற்றிக்கு மேல் சுருள்சுருளாகக் கோபுரம் எழுப்பினார்கள். பெயர் தெரியாத ஒரு பெண்ணின் தலையில் அந்தச் சுருள் கோபுரம் இருந்தால், காலத்தைச் சில பத்தாண்டுகளுக்குள் அடக்கிவிடலாம். ஆண்கள் பக்கம் தாடி. 117-இல் பட்டத்துக்கு வந்த ஹேட்ரியன் தாடி வைத்தார். அதற்குப் பிறகு தாடி நிறைந்த தலைகள் வரிசையாக வருகின்றன. மூன்றாம் நூற்றாண்டில் முடியை ஒட்ட வெட்டிக்கொண்ட படைத்தலைவர்கள் வருகிறார்கள். அவர்களுடைய முடியை முடியாகவே செதுக்கவில்லை, உளிமுனையால் கொத்திக் கொத்திக் குறி போட்டிருப்பார்கள்.

அடுத்தது கண். இதை ஒருமுறை தெரிந்துகொண்டால் எந்த அருங்காட்சியகத்துக்குப் போனாலும் உதவும். ஏறக்குறைய கி.பி. 130 வரை பளிங்குத் தலைகளின் விழி வழவழப்பாகத்தான் இருக்கும். கருவிழியை வண்ணத்தால் தீட்டியிருந்தார்கள். வண்ணம் போய்விட்டதால் இன்று நமக்குக் குருட்டுக் கண் போலத் தெரிகிறது. ஹேட்ரியன் காலத்தில்தான் கருவிழியின் வட்டத்தைக் கீறி, நடுவில் துளையிடும் வழக்கம் பரவியது. துளைக்கருவியின் வேலை முடியிலும் ஏறியது. அடுத்துவந்த அன்டோனைன் காலத்துத் தலைகளில் சுருள்களுக்கு இடையே ஆழமான இருட்டுக் குழிகளைப் பார்க்கலாம். ஆக, விழி துளையிட்டிருந்தால் அந்தத் தலை அகஸ்டஸ் காலத்தில் செதுக்கியதாக இருப்பது மிக அரிது.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். அகஸ்டஸ் இறந்து நெடுங்காலம் கழித்தும் அவர் உருவத்தைச் செய்துகொண்டேதான் இருந்தார்கள். முடி அமைப்பு காட்டுவது மூல உருவத்தின் காலம். நம் முன்னால் இருக்கும் கல்லில் உளி பட்ட காலம் வேறாக இருக்கலாம். அதைத் துளைக்கருவியின் தடமும், மெருகும், மார்பு எதுவரை செதுக்கப்பட்டிருக்கிறது என்பதும்தான் சொல்லும். தொடக்கத்தில் காறை எலும்போடு நின்ற மார்பளவுச் சிலை, ஹேட்ரியன் காலத்துக்குள் புஜம் வரை இறங்கிவிட்டது. ஒரு தலைக்கு இரண்டு காலங்கள் உண்டு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதால் விளைந்த பிழைகள் ஏராளம்.

சரி, இப்போது தலையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வாருங்கள். எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். 68-இல் நீரோ மாண்டார். 96-இல் டொமிஷியன் கொல்லப்பட்டார். வெறுக்கப்பட்ட மன்னர்களின் சிலைகளை எல்லாம் உடைத்துவிடவில்லை. நல்ல பளிங்கு வீணாகலாமா? நீரோவைச் செதுக்கி, பின்னால் வந்த மன்னர் வெஸ்பாசியன் ஆக்கினார்கள். டொமிஷியனைச் செதுக்கி, அடுத்து வந்த நெர்வா ஆக்கினார்கள். ஆனால் கல்லில் குறைக்க மட்டும்தான் முடியும், கூட்ட முடியாது. முகம் உள்ளே போய்விடும், காது பழைய இடத்திலேயே பெரிதாக நிற்கும். முன்பக்கம் நெர்வாவின் முடி, பிடரியில் டொமிஷியனின் முடி. காதுக்குப் பின்னால் விரல்விட்டுப் பார்ப்பது போலக் கூர்ந்து பார்த்தால், அங்கே முந்தைய ஆள் இன்னும் இருப்பார்.

கழுத்தின் அடியையும் பார்க்க வேண்டும். எண்சாண் உடம்புக்குத் தலையே பிரதானம் என்று நாம் சொல்கிறோம். ரோமானியர் அதைச் சிற்பக்கூடத்தில் செய்தே காட்டினார்கள். உடலைத் தனியாகச் செதுக்கி, தோளில் குழி விட்டு, தலையைத் தனியாகச் செய்து பொருத்தினார்கள். கழுத்தின் அடி உருண்டு முடிந்தால் அது பொருத்துவதற்கென்று செய்த தலை. தாறுமாறாக முடிந்தால் உடைந்த தலை.

கல்லைப் பொறுத்தவரை ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பளிங்கு செதுக்கிய காலத்தைக் கார்பன் முறையில் கணிக்க முடியாது. கல் பூமிக்குள் உருவான காலம் நமக்குத் தேவையுமில்லை. ஆனால் எந்தச் சுரங்கத்துக் கல் என்று கண்டுபிடிக்கலாம். ஒரு சிட்டிகைத் தூள் எடுத்து, கார்பன், ஆக்சிஜன் ஐசோடோப்புகளின், அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களின், விகிதத்தை அளப்பார்கள். 1972 முதல் இந்த முறை இருக்கிறது. இத்தாலியின் கராரா சுரங்கங்கள் கி.மு. முதல் நூற்றாண்டின் நடுவில்தான் பெரிய அளவில் வேலை செய்யத் தொடங்கின. அதனால் கராராக் கல் என்றால் அதற்கு முன்னே போவது கடினம். மேற்பரப்பைப் புற ஊதா விளக்கில் பார்ப்பதும் உண்டு. பழைய பளிங்குப் பரப்பு மஞ்சள் கலந்த வெண்மையாகத் திட்டுத்திட்டாக ஒளிரும், புதிதாக வெட்டிய இடம் ஊதாவாகத் தெரியும். பிற்காலத்தில் ஒட்டிய மூக்கு அங்கே காட்டிக்கொடுத்துவிடும்.

இவ்வளவும் முடிந்த பிறகு பெயருக்கு வரலாம். அதற்குக் காசுதான் துணை. முகமும் பெயரும் ஒன்றாக இருக்கும் இடம் அதுதான். அந்தக் காசுகள் நம் மண்ணிலும் வேண்டிய மட்டும் கிடைத்திருக்கின்றன. 1898-இல் புதுக்கோட்டைப் பக்கம் கிடைத்த புதையலில் 501 ரோமானியப் பொற்காசுகள் இருந்தன. பெரும்பாலானவற்றில் மன்னர் தலையின் குறுக்கே உளியால் வெட்டியிருந்தார்கள்.

பெயரை முதலில் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆர்ல் நகரம் எடுத்துக்காட்டு. 2007-இல் தென் பிரான்சில் ரோன் ஆற்றின் அடியிலிருந்து அருமையான ஒரு தலையை எடுத்தார்கள். ஜூலியஸ் சீசர், உயிரோடு இருந்தபோதே செய்தது என்று அறிவிப்பு வந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் கி.மு. 44-இல் அச்சடித்த காசுகளில் இருக்கும் சீசருக்கு சுருக்கம் விழுந்த நீண்ட கழுத்து, ஒட்டிய கன்னம். அந்தக் காசுகளோடு ஒத்துப்போகும் தலை இத்தாலியின் டூரினில் இருக்கிறது, ரோமுக்கு அருகே டஸ்குலத்தில் கிடைத்தது. ஆர்ல் தலை சீசர்தானா என்று பல அறிஞர்கள் ஐயப்பட்டார்கள். அந்த ஊர்ப் பெரியவர் ஒருவராகவும் இருக்கலாம். பெயர் இல்லாமலே அது மிகச் சிறந்த சிற்பம். அந்தப் பெயர்ச் சண்டையில் சிற்பத்தைப் பற்றிய பேச்சே பின்னுக்குப் போனது எனக்கு வருத்தம்தான்.

ஆஸ்டின் தலைக்குத் திரும்புவோம். ஜெர்மனியின் பவேரியப் பகுதியை ஆண்ட மன்னர் முதலாம் லுட்விக், 1840-களில் ஆஷாஃபன்பர்க் நகரில், பழைய ரோமானிய நகரமான பாம்பேயியின் வீடு ஒன்றைப் போலவே ஒரு மாளிகை கட்டினார். பாம்பேயானம் என்று பெயர். இந்தத் தலை 1930-களில் அங்கே இருந்தது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து மாளிகை சிதைந்தது. அமெரிக்கப் படைவீரர் யாரோ தலையை எடுத்துப் போயிருக்கலாம் என்று கருதுகிறார்கள். 2022-இல் சான் அன்டோனியோ கலை அருங்காட்சியகத்தில் ஓர் ஆண்டு காட்சிக்கு வைத்து, 2023-இல் ஜெர்மனிக்கு அனுப்பினார்கள்.

யாருடைய தலை? இரண்டு பெயர்கள் சொல்லப்படுகின்றன. ஒருவர், சீசரை எதிர்த்த படைத்தலைவர் பாம்பேயின் மகன் செக்ஸ்டஸ். அகஸ்டஸை எதிர்த்துக் கடலில் போரிட்டு, கி.மு. 35-இல் கொல்லப்பட்டவர். மற்றவர் அகஸ்டஸின் மனைவிக்கு முந்தைய கணவர் மூலம் பிறந்த மகன் ட்ரூசஸ். ஜெர்மானிய மண்ணில் படை நடத்தப் போய், குதிரையிலிருந்து விழுந்து, கி.மு. 9-இல் இறந்தவர். செக்ஸ்டஸ் கொல்லப்பட்ட ஆண்டில் ட்ரூசஸுக்கு வயது மூன்று. அந்தத் தலை செக்ஸ்டஸின் காலத்தில் செதுக்கியது என்றால் ட்ரூசஸ் அப்போது குழந்தை. ஒரு தலைமுறை தள்ளிச் செதுக்கியது என்றால், தோற்றுப்போன எதிரியின் உருவத்தை அகஸ்டஸின் ஆட்சியில் யார் செய்து வைத்திருப்பார்கள் என்று கேட்க வேண்டும். காலக்கணிப்பு ட்ரூசஸ் பக்கம் சாய்வதாகவே நான் நினைக்கிறேன். அந்தச் சுமார் கால் நூற்றாண்டு இடைவெளியை நெற்றி முடியின் வெட்டில்தான் தேட வேண்டும்.